முன்பாதி கோவென்ட்ரி, பின்பாதி மெட்ராஸ்

வலதுபக்கப் பின்கதவைக் கழற்றிப் பட்டறை வாசலில் கயிற்றுக் கட்டில்மேல் கிடத்தியிருந்தோம். அடிவிளிம்பு முழுக்கத் துரு. விரல் வைத்து அழுத்தினால் அப்பளமாக நொறுங்கியது. சேலத்திலிருந்து வந்திருந்த டிங்கர் வேலைக்காரர் கதவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுக்கு மாதிரி எங்கண்ணா இருக்கு?"

"இடதுபக்கக் கதவுதான் தம்பி மாதிரி. அதையே கவுத்துப் போட்டு அட்டையில அளவெடுக்கணும்."

"அதுவும் பாதி போயிருச்சேங்கண்ணா."

"மிச்சப் பாதி இருக்குதில்ல."

அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை. டீ குடித்துவிட்டு அவர் சேலம் பஸ் ஏறிப் போனார். நான் அந்தக் கதவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வண்டி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஸ்டேஷன் வேகன். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கதவு, பின்னால் மேலே தூக்கும் கதவு ஒன்று, ஆக ஐந்து. இங்கிலாந்தில் ஓடிய டிரயம்ப் ஹெரால்டு எஸ்டேட்டுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான், பின்கதவோடு சேர்த்து மூன்று. ஐந்து கதவு வேகன் நம் மெட்ராஸ் கம்பெனி நம் நாட்டுக்காக மட்டுமே செய்தது. அதனால் எனக்கு வந்த சிக்கல் இது: பானெட், முன் மட்கார்டு, ஸ்டியரிங் என்று முன்பாதிக்கு வேண்டிய பல பாகங்களை இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பணம் கட்டினால் பெட்டி வந்துவிடும். நடுத்தூணைத் தாண்டிவிட்டால் உலகத்தில் எந்தக் கடையிலும் ஒரு பீடிங் ரப்பர்கூடக் கிடையாது. முன்பாதிக்கு ஊர் இங்கிலாந்தின் கோவென்ட்ரி, பின்பாதிக்கு ஊர் மெட்ராஸ். அந்தப் பின்பாதி எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் கதவில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1948இல் மெட்ராஸில் தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து வாங்கார்டு கார்களைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டினார்கள். முழுக் கார் இறக்குமதியை 1949இல் அரசு நிறுத்தியது. 1953இல் தீர்வை ஆணையத்தின் அறிக்கை வந்தது. இங்கேயே பாகம் செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கடையைக் கட்டலாம் என்பதே அதன் சாரம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் போய்விட்டன. கார் செய்ய மிஞ்சியவர்கள் மூன்று பேர்: வங்காளத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரிமியர், மெட்ராஸுக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட். எய்ட், டென், பென்னன்ட் என்று வரிசையாகச் சின்னக் கார்கள் செய்தார்கள். 1961இல் ஹெரால்டு வந்தது.

ஹெரால்டின் பிறப்பிலேயே ஒரு நெருக்கடி இருக்கிறது. டிரயம்ப் ஹெரால்டைச் செய்த கோவென்ட்ரி ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குக் கார் உடம்பு அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே கூடாக அழுத்தித் தர ஆள் இல்லை. எனவே தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டும் உடம்பு என்று பழைய வழிக்குத் திரும்பினார்கள். அந்தத் துண்டுகளைச் சின்னச் சின்னக் கம்பெனிகளிடம் செய்து வாங்கலாம். உருவத்தை இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலாட்டி வரைந்தார். 1959 ஏப்ரலில் கார் வெளியே வந்தது.

அங்கே கஷ்டத்துக்குச் செய்தது இங்கே வசதியாகப் போயிற்று என்று நினைக்கிறேன். ஒரே கூடாக அழுத்திய காரில் பின்னால் ஒரு கதவு சேர்க்க வேண்டுமென்றால் கூடு முழுவதையும் மாற்ற வேண்டும். ஹெரால்டில் சேஸிஸ் பாட்டுக்குக் கீழே இருக்கும். மேலே பின்பாதியை மட்டும் வேறாகச் செய்து பூட்டலாம். இங்கிலாந்தில் செய்யாத நான்கு கதவுக் காரையும் ஐந்து கதவு வேகனையும் நம்மவர்கள் செய்ததற்கு அந்தப் போல்ட்டுகளே வழிவிட்டன என்பது இந்த வண்டியைக் கழற்றிப் பூட்டிய என் கணிப்பு.

அந்த வருஷங்களில் மெட்ராஸ் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1961இல் லூகாஸ்-டிவிஎஸ். அதே வருஷம் எம்.ஆர்.எஃப். டயருக்கு வந்தது, அதற்கு முன் பலூன் செய்த கம்பெனி அது. 1962இல் பிரேக்ஸ் இந்தியா. பாடி என்ற இடத்தில் ஒருவர் டைனமோ செய்ய, பக்கத்தில் இன்னொருவர் பிரேக் சிலிண்டர் செய்ய, திருவொற்றியூரில் டயர் வார்க்க, ஒரு நகரமே கார் செய்யக் கற்றுக்கொண்டிருந்தது. என் வண்டியின் டைனமோவைத் துடைத்தபோது லூகாஸ்-டிவிஎஸ் என்ற எழுத்து தெரிந்தது. அந்தத் தகட்டுக்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை.

இனி எங்கள் ஊர். சேலத்திலிருந்து பெங்களூர் போகிறவர்களுக்குத் தொப்பூர் என்றால் கணவாய்தான். சேலம் தாழ்வு, தர்மபுரி மேடு. நடுவில் மலை இரண்டாகப் பிளந்து வழி விடுகிறது. 1790 நவம்பரில் திப்புவின் படை இந்தக் கணவாய் வழியாகத்தான் இறங்கிப் போயிற்று, துரத்திக்கொண்டு வந்தது ஆங்கிலேய ஜெனரல் மெடோஸின் படை. பிறகு மாட்டுவண்டி, பிறகு லாரி. வாரணாசி, கன்னியாகுமரி நெடுஞ்சாலைக்கு 7ஆம் நம்பர் இருந்த காலத்தில் ஒற்றைச் சாலையாக வளைந்து வளைந்து ஏறியது. இன்றைக்கு நம்பர் 44, நான்கு வழி. ஏற்றம் மட்டும் அதே ஏற்றம்.

அப்பா அடிவாரத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டுப் பட்டறை வைத்தார். ஸ்பேனர் செட்டைவிட அங்கே முக்கியமான சாமான், வாசலில் நின்ற நான்கு தண்ணீர்த் தொட்டிகள். மேலே ஏறும் வண்டிக்கு ரேடியேட்டர் நிரப்ப வேண்டும், கொதித்துப்போய்ப் பாதியில் நிற்கும் வண்டிக்குக் குடத்தில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பத்து வயதில் என் வேலை அதுதான். கொதிக்கும் ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும் என்று எனக்கு அப்பா கணக்குப் பாடத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கார்களுக்கு இன்னொரு வைத்தியம் உண்டு. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். ஈரச் சாக்கைப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிக் கால்மணி நேரம் விட்டால் பிள்ளை எழுந்த மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

லாரிகளில் கிளீனர் பையன் கட்டையோடு இறங்கிப் பின்சக்கரத்தின் கூடவே நடந்து வருவான். வண்டி நின்றால் அடுத்த நொடி கட்டை சக்கரத்தடியில் இருக்க வேண்டும். கட்டை இல்லாதவன் கல்லை வைத்துவிட்டு, வண்டி கிளம்பியதும் கல்லை ரோட்டிலேயே விட்டுப் போவான். ராத்திரியில் அந்தக் கல்லில் ஏறியவர்களையும் நாங்கள்தான் தூக்கி நிறுத்தினோம்.

ஹெரால்டு வந்து நின்றால் அப்பாவுக்குச் சந்தோஷம். அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும். எஞ்சின் முழுசாகத் திறந்து கிடக்கும். முன்டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம், இடுப்பு வலிக்காது. வட்டம் திரும்ப 25 அடி போதும், எங்கள் கொட்டகை வாசலிலேயே ஒரே வெட்டில் திரும்பிவிடும். அங்கே வந்த வேறெந்தக் காரும் அப்படித் திரும்பியதில்லை. எஞ்சின் 948 சி.சி., ஏறக்குறைய 35 குதிரைத்திறன். நாலு பேரும் சாமானும் இருந்தால் கணவாய் முழுக்க இரண்டாவது கியர்தான். பொறுமையாக ஏறும்.

இறக்கத்தில்தான் டிரைவர்களுக்குப் பயம். பின்சக்கரங்கள் ஒரே தண்டில் நிற்காமல் தனித்தனியாக ஆடும் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று காலை எடுத்தால் வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். சுமை ஏற்றினால் சக்கரம் சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும். நம் ஊர் டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் கெஸல் வந்தபோது அதே 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு, பின்னால் மட்டும் ஒரே தண்டாக மாற்றிவிட்டார்கள். கணவாய்களில் ஓட்டியவர்கள் சொன்னது பெருங்களத்தூர் வரைக்கும் கேட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டேஷன் வேகன் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ரயிலடியில் இறங்குகிறவர்களைப் பெட்டி படுக்கையோடு ஏற்றிவர மரக்கூண்டு கட்டிய வண்டி அது, ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி. மரக்கூண்டு போய் முழு இரும்பில் வந்தது 1946 வில்லிஸ் ஜீப் ஸ்டேஷன் வேகனில். வெள்ளைக்காரன் அதையே எஸ்டேட் கார் என்றான், பண்ணைக்கும் தோட்டத்துக்கும் போகிறது என்பதால். எங்கள் பக்கத்தில் கார் எதுவானாலும் பிளசர். இதற்கு மட்டும் "நீட்டு பிளசர்" என்று பெயர்.

ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி என்பதற்குத் தர்மபுரிக்காரர்களைவிட நன்றாக அர்த்தம் தெரிந்தவர்கள் இருக்க முடியாது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் சின்ன ரயில் விட்டார்கள், 1913இல் அது ஓசூர் வரை போயிற்று. 1941இல், உலக யுத்தத்தின் நடுவில், அந்தத் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு மெட்ராஸ் மெயிலைப் பிடிக்க மொரப்பூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ரோட்டில்தான் போக வேண்டியிருந்தது. பெட்டி, கூடை, பிரசவத்துக்குப் போகிற பெண், காலேஜுக்குப் போகிற பையன், எல்லாரும் ஏதாவது ஒரு வண்டியில். பின்சீட்டை மடக்கினால் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் கிடைக்கும் கார் ஒரு ஊரில் ஒன்று இருந்தால் அது அந்த ஊருக்கே பொதுச்சொத்து மாதிரி. நோயாளியை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான், சில சமயம் திரும்பக் கொண்டுவருவதும் அதுதான்.

என்னிடம் இருக்கும் வண்டி முதலில் சேலத்து நூல் வியாபாரி ஒருவருடையது. பின்னால் நூல் சிப்பங்களை அடுக்கிக்கொண்டு வாரம் ஒருமுறை பெங்களூர் போய்வருவார். எங்கள் தொட்டியில் தண்ணீர் பிடித்த வண்டி. பிறகு கைமாறிக் கைமாறி, தொப்பூருக்கு மேற்கே ஒரு காட்டுக்கொட்டாயில் மாட்டுத் தீவனத்தோடு நின்றது. நான் பார்க்கப் போனபோது பின்பக்கம் கோழி அடை கிடந்தது. குஞ்சு பொரிக்கும் வரைக்கும் விட்டுவிடுங்கள் என்று அந்த வீட்டம்மா கேட்டார்கள். மூன்று வாரம் கழித்து டிராக்டரில் கட்டி இழுத்து வந்தேன்.

முன்பாதியில் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்பு, கீழே ஒரு வெண்கலக் கட்டைக்குள் மரையாக இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழலும். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். நம் ஆட்கள் பழக்கத்தில் கிரீஸை அடித்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து, உள்ளே தண்ணீர் புகுந்து, துரு அரித்து, ஒருநாள் மரை அறுந்து சக்கரம் படுத்துவிடும். இந்த வண்டியில் இடதுபக்க மரை பாதிக்குமேல் தின்னப்பட்டிருந்தது. அதே நிமிர்ந்த இரும்பை லோட்டஸ் பந்தயக்காரர்களே தங்கள் கார்களுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றால் வடிவமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் விட மறந்தவர்கள் குறை அது. இரண்டு பக்கத்துக்கும் புதியது இங்கிலாந்திலிருந்து வாங்கினேன். மொத்த வேலையில் நான் வெளிநாட்டுக்குக் கட்டிய பெரிய பணம் அதுதான்.

எஞ்சின் போர் அடித்து, புது ரிங் போட்டு, வால்வு இழைத்து உட்கார வைத்தது பழகின வேலை, எழுத ஒன்றுமில்லை. பின்பாதிதான் ஒன்றரை வருஷம் எடுத்தது.

கூரை பின்தூணோடு சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டினால் வெள்ளையாக மின்னியது. பட்டி அல்ல, ஈயம். மூட்டை நிரப்ப ஈயத்தை உருக்கி வைத்து, சூடு ஆறும் முன் மரக்கட்டையால் தடவி, பிறகு அரத்தால் இழைத்திருக்கிறார்கள். இத்தனை மழைக்காலத்தில் அந்த மூட்டுக்குள் துளி நீர் இறங்கவில்லை. பிற்பாடு எவரோ பட்டி வைத்த இடமெல்லாம் உப்பி உதிர்ந்துவிட்டது. சேலத்துத் தம்பி ஈயத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதைத் தொட வேண்டாங்கண்ணா, நமக்கு இந்தக் கை வராது" என்றார். தொடவில்லை.

கதவுக்கு முதலில் கெட்டி அட்டையில் மாதிரி வெட்டினோம், பிறகு 20 கேஜ் தகட்டில். இடதுகதவில் மேல்பாதி நன்றாக இருந்தது, வலதுகதவில் முன்விளிம்பு நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு முழுக்கதவைக் காகிதத்தில் வரைந்தேன். தம்பி சுத்தியலும் டோலியுமாக அதற்கு வளைவு கொடுத்தார். தூணுக்கும் கதவுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வர ஏழுமுறை மாட்டிக் கழற்றினோம். அந்த வரைபடம் இப்போது என் பட்டறைச் சுவரில் இருக்கிறது.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதில் எனக்குத் தெளிவான எண்ணம் உண்டு. மாருதி எஞ்சினைத் தூக்கி வை, ஏ.சி. போடு, அகல வீல் மாட்டு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். 948 சி.சி. எஞ்சின் இல்லாத ஹெரால்டை நான் ஹெரால்டு என்று எண்ண மாட்டேன். சட்டமும் அதையே சொல்கிறது. 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது, நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும். சேஸிஸ், உடம்பு, எஞ்சின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனை.

ஆனால் தொப்பூரில் ஓட்டப்போகிற வண்டிக்கு இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு குழாய் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். இந்த இறக்கத்தில் பிரேக் போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், பார்த்தது போதும். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைத்தேன். ரேடியேட்டருக்கு உள்ளே ஒரு வரிசைக் குழாய் கூடுதலாகச் சேர்த்தேன், வெளியே பார்த்தால் தெரியாது. முன்சீட்டுக்குப் பெல்ட். அவ்வளவுதான் என் கைவரிசை. எல்லாமே போல்ட்டில் நிற்கிறது. நாளைக்கு யாராவது பழையபடி வேண்டுமென்றால் அரைநாளில் கழற்றிவிடலாம், கழற்றியவை பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

இன்னொன்று, கம்பெனி செய்யாத சில சாமான்களையும் அப்படியே விட்டேன். பின்பக்கத் தரையில் தண்ணீர்க் கேன் ஆடாமல் நிற்க ஒரு இரும்புச் சட்டம். பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு வளையம். பட்டறைப் பையன் வளையத்தைக் காட்டி, "இது எதுக்குங்கய்யா? அறுத்துடலாமா?" என்றான். சக்கரத்துக்கு வைக்கும் கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் வளையம் அது. காரிலும் கட்டை வைத்திருந்தார்கள் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அழகுப் போட்டிக்குக் கொண்டுபோனால் அந்த வளையத்துக்கு மார்க் குறைப்பார்கள். குறைக்கட்டும். வண்டி பெருங்களத்தூரில் சில நாள்தான் இருந்தது, இந்த ரோட்டில் இருபது வருஷம் இருந்தது. வளையத்தில் இப்போது ஒரு வேப்பங்கட்டை தொங்குகிறது.

போன தை மாதம் விடிகாலை ஐந்தரைக்கு, பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏறினேன். இரட்டைப் பாலம் தாண்டி, ஆஞ்சநேயர் கோயிலில் நிறுத்தாமல், இரண்டாவது கியரில் வெள்ளக்கல் வரை. டெம்பரேச்சர் முள் முக்கால்வாசியில் நின்றது, கொதிக்கவில்லை. மேலே திருப்பி, அதே இரண்டாவது கியரில் இறக்கினேன். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி இந்தப் பள்ளத்தில் செத்தவர்கள் எத்தனையோ பேர். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அப்பா ஒவ்வொரு டிரைவரிடமும் தண்ணீர் ஊற்றும்போதே சொன்ன வார்த்தை. பையனிடம் நானும் சொன்னேன்.

ஸ்டாண்டர்ட் கம்பெனி 1970களின் பிற்பாதியில் கார்களை விட்டு ஸ்டாண்டர்ட் 20 வேனை மட்டும் செய்துகொண்டிருந்தது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. 1988இல் எல்லாம் நின்றுபோயிற்று. பெருங்களத்தூரில் அந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. ஆனால் அங்கே பாடி ஷாப்பில், டிங்கரிங்கில், பெயிண்டில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது ஆகியிருக்கும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேகனின் பின்கதவை எந்த அச்சில் அழுத்தினீர்கள், எவ்வளவு கையில் அடித்தீர்கள், அந்த ஈயத்தை யார் இழைத்தது என்பதை உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அட்டையில் வெட்டிய மாதிரியோ, ஒரு பழைய கைப்பிடியோ பரணில் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். என் இடதுகதவு இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறது.